பார்த்ததை மட்டும் எழுதவும்

மாசி (Massey), ஒக்லாந்து, நியூசிலாந்து
9.2.1997

அன்பின் அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு பக்கத்தில் ஒன்றரைப் பக்கம் இருமல். கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள் என்று கடல் தாண்டி இருந்துகொண்டு சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளை லோஜனா சுகம். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும் அளவுக்குச் சுகம். எனக்கு முதுகுவலியைத் தவிர வேறு குறையில்லை.

போனில் மூன்று நிமிடத்துக்குள் கொட்டிய விஷயத்தை ஆறுதலாகச் சொல்கிறேன். எல்லர்ஸ்லியில் ஒரு பல் ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் பல் வைத்தியராக இருந்தேன் என்று சொன்னால் இங்கே எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டுகிறார்கள். ஆனால் இந்த நாட்டுப் பரீட்சை பாஸ் பண்ணாமல் ஒருவரின் பல்லில் கை வைக்க விடமாட்டார்கள். இந்த நிலையத்தில் என்னைப் போன்ற பல் வைத்தியர்களை எடுத்து ஆராய்ச்சிக்குப் பழக்குகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பற்களில் ஒரு மருந்துப் பூச்சைப் பூசி, இரண்டு வருடத்தில் சூத்தை குறைகிறதா என்று பார்க்கப் போகிறார்கள். பூசுவது வேறு ஆட்கள். எங்கள் வேலை பிள்ளையின் வாயைப் பார்த்துப் பல்லுப் பல்லாகத் தாளில் பதிவது மட்டும்தான்.

ஆறு பேராகத் தொடங்கினோம், இப்போது நான்கு பேர். பழக்குகிறவர் விக்னேஷ், கோயம்புத்தூர்க்காரர், என்னைவிட ஒன்பது வயது இளையவர். என்னை "மேடம்" என்று கூப்பிடுகிறார். கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறேன். தாளின் தலைப்பில் பெரிய எழுத்தில் ஒரு கட்டளை இருக்கிறது. தமிழில் சொன்னால், பார்த்ததை மட்டும் எழுதவும். ஒவ்வொரு பல்லுக்கும் முதலில் மூன்றில் ஒரு பதில்: இருக்கிறது, இல்லை, தெரியவில்லை. சூத்தை விவரமெல்லாம் அதற்குப் பிறகு.

முதல் நாளே ஒரு பிள்ளைக்குப் பல்லடியில் சீழ்க்கட்டி. என் கை தானாக மேசையில் ஆயுதம் தேடியது. "மேடம், கையை எடுங்க. சீட்டு எழுதி கிளினிக்குக்கு அனுப்புங்க. நாம வைத்தியம் பாக்க வரல, பாக்க மட்டும்தான் வந்திருக்கோம்" என்றார் விக்னேஷ். அன்று முழுக்க எனக்குக் கை ஊறிக்கொண்டே இருந்தது.

மே மாதம் பயிற்சி முடிகிறது. தேறினால் நிரந்தர வேலைக் கடிதம் தருவார்கள். அந்தக் கடிதத்தை வைத்துத்தான் உங்கள் வீசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். அதுவரை சனி, ஞாயிறுகளில் விரி என்ற இடத்தில் களஞ்சிய வேலையும் செய்கிறேன், வீட்டு ரெண்ட் இருக்கிறதல்லவா. முதுகு அங்கேதான் போகிறது.

மாதக் கடைசி ஞாயிறு போன் எடுங்கள். அன்னம் அக்காவையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்
இராசமலர்

*

வெள்ளவத்தை, கொழும்பு
24.2.1997

அன்பின் மலருக்கு,

உம்முடைய கொத்தமல்லி வேலை செய்தது. இப்போது இருமல் இல்லை, அதற்குப் பதிலாகக் குதிக்கால் வெடிப்பு. ஒன்று போனால் ஒன்று வந்துவிடுகிறது, தனிமை தெரியவில்லை.

பார்க்க மட்டும் விட்ட செய்தி வாசித்துச் சிரித்தேன். 1986இல் கீழ்க்கடைவாயில் நோவோடு வந்து உம்முடைய கதிரையில் குந்தினேனே, அன்றைக்கு நீரும் பார்க்க மட்டும் என்று நின்றிருந்தால் என் கதி என்ன? பல்லை அடைத்துவிட்டு, "இனி இதால ஒரு கரைச்சலும் வராது" என்று சொன்னீர். பல்லால் வரவில்லை. மூன்று மாதத்தில் கல்யாணம்தான் வந்தது. அந்தப் பல் இன்னும் கல்லுப்போல் இருக்கிறது. முறுக்குக் கடித்தும் சோதித்துவிட்டேன்.

லொட்ஜில் ஏழு அறையும் நம்முடைய சனம். அன்னம் அக்கா எல்லோருக்கும் ஒரே சாம்பாரைத்தான் ஊற்றுகிறார். நேற்றையதா முந்தாநாளையதா என்று கேட்டால் கோபம் வந்துவிடும். பின்னேரங்களில் நாலு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பொலிஸ் சுற்றிவளைப்பு வந்து தமிழரைச் சோதித்தால் காட்ட, அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் எப்போதும் சட்டைப்பையில் இருக்கின்றன. நீர் பயப்பட வேண்டாம்.

மே மாதத்துக்கு இன்னும் அறுபத்தாறு நாள். கணக்கு வாத்தியாருக்குக் கல்யாணம் செய்துகொடுத்தால் இப்படித்தான் நாளை எண்ணி எழுதுவான். முதுகுக்கு நல்லெண்ணெய் பூசும். பிள்ளைக்கு என் முத்தம்.

அன்புடன்
நவரத்தினம்

*

மாசி
23.3.1997

அன்பின் அத்தானுக்கு,

உங்கள் குதிக்காலுக்கு வேப்பெண்ணெய், என் முதுகுக்கு நல்லெண்ணெய். இரண்டு பேரும் ஒரே கடைச் சாமான். லோஜனாவுக்குச் சளி இருந்து மாறிவிட்டது.

இன்று ஒரு சந்தோஷம் சொல்ல வேண்டும். பயிற்சியின் பெரிய சோதனை முடிந்தது. விரிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது பிள்ளைகளைப் பார்த்து எழுதி, தாளை மூடி முத்திரை வைத்துக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு கிழமை கழித்து அதே முப்பது பிள்ளைகளை, முதல் தாளைப் பாராமல், மறுபடி பார்த்து எழுத வேண்டும். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். நான் என்னோடு எவ்வளவு ஒத்துப்போகிறேன் என்று பார்க்கிற சோதனை. கணவன் மனைவிக்கு வைத்தால் ஒருவரும் தேறமாட்டார்கள். நூற்றுக்கு எண்பத்தைந்து வந்தாலே நல்ல கண் என்பார்கள். மற்ற மூன்று பேருக்கும் எண்பதும் எண்பத்திரண்டும் எழுபத்தொன்பதும். எனக்கு நூறு.

இரண்டாம் தரம் போன திங்கட்கிழமை, அதற்கு முதல் இரண்டு நாளும் களஞ்சியத்தில் நின்றுவிட்டுப் போனேன். கண் தானாக மூடிக்கொண்டது. ஆனாலும் நூறு வந்துவிட்டது. எனக்கு ஆளின் முகம் மறக்கும், பெயர் மறக்கும், வாய் மறக்காது. உங்களுக்குத் தெரியும்தானே. பஸ்ஸில் யாராவது கொட்டாவி விட்டால், யாழ்ப்பாணத்தில் நான் பார்த்த வாயா என்று சொல்லிவிடுவேன்.

விக்னேஷ் தாள்களை நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ரொம்ப நல்லா வந்திருக்கு மேடம்" என்றார். தாள்களை உறைக்குள் வைத்து மூடிவிட்டார். அவருக்கும் களைப்பு. நிலையத்தில் எல்லோருக்கும் களைப்பு.

உங்கள்
இராசமலர்

*

வெள்ளவத்தை
6.4.1997

அன்பின் மலருக்கு,

குதிக்கால் பரவாயில்லை. இப்போது கண்ணாடி மாற்ற வேண்டும் என்கிறார்கள். பிள்ளைகளின் கொப்பியில் ஏழும் ஒன்றும் ஒன்றுபோல் தெரிகின்றன, அதனால் சிலருக்கு அதிர்ஷ்டம்.

நூற்றுக்கு நூறு! லொட்ஜ் முழுக்கச் சொல்லிவிட்டேன். அன்னம் அக்கா, "பிள்ளை அங்கயும் கெட்டிக்காரிதான்" என்று சொல்லி எனக்கு ஒரு வடை கூடப் போட்டார். உம்முடைய நூற்றில் எனக்கு வந்த பங்கு அந்த வடை.

ஒரு பகிடி சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. இருபது வருடப் படிப்பித்தலில் நூறு எடுத்த பிள்ளையின் கொப்பியைத்தான் நான் இரண்டாம் தரம் திருத்துவேன். எண்பது எடுத்தவன் தன் பிழையைத் தானே செய்திருப்பான். நூறு எடுத்தவனைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். உம்மை விசாரிக்க எனக்கு என்ன தகுதி? நித்திரை தூங்கித் தூங்கி நூறு எடுத்த ஒருத்தியை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

ஞாயிறு வேலையை விடும். உடம்பு இரும்பில்லை.

அன்புடன்
நவரத்தினம்

*

மாசி
20.4.1997

அன்பின் அத்தானுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். கண்ணாடியை மாற்றிவிட்டீர்களா? நல்ல கண்ணாடியாக வாங்குங்கள், கண் இருந்தும் பாராமல் இருப்பது எவ்வளவு கேவலம் என்று எனக்கு இந்தக் கிழமை தெரிந்தது.

நீங்கள் பகிடிக்கு எழுதினீர்கள். அந்தப் பகிடி கையில் கிடைத்த அன்றுதான் பல்தூரிகை கொடுப்பதற்காக அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மறுபடி போனேன். மெலே என்று ஒரு தொங்கா நாட்டுப் பிள்ளை, எட்டு வயது, ஓடிவந்து வாயை ஈயென்று காட்டினாள். மேலே ஒரு பாற்பல் இல்லை, ஓட்டை. நான் முதல் தடவை வந்து போன அடுத்த நாளே விழுந்துவிட்டது என்று இங்கிலீஷில் சொன்னாள். இரண்டாம் தடவை வந்தபோது காட்டக் காத்திருந்தாளாம், நான் ஒன்றும் சொல்லவில்லையாம்.

நிலையத்துக்கு வந்து என் பிரதியை எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் தாளில் அந்தப் பல்லுக்கு நேரே என் கையெழுத்தில், இருக்கிறது.

அத்தான், நான் முதல் தாளைப் பார்த்து எழுதவில்லை. லோஜனா தலையில் அடித்துச் சொல்கிறேன். ஆனால் வாயையும் பார்க்கவில்லை. பல் பார்க்கும் கண்ணாடியை வாய்க்குள் வைத்தேன், நித்திரை கண்ணை இழுத்தது, ஞாபகத்தில் இருந்த வாயைப் பார்த்து எழுதினேன். அந்தப் பிள்ளை தன் ஓட்டையைக் காட்டுவதற்கென்று வாயைத் திறந்து வைத்திருந்தது. நான் அதில் பல் இருக்கிறது என்று எழுதிவிட்டு எழுந்து போயிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இது வேறு ஒருவருக்கும் தெரியாது. சொன்னால் மே மாதக் கடிதம் கிடைக்காது. வேலையே போனாலும் போகும். சொல்லாவிட்டால் ஒரு பாற்பல், அவ்வளவுதான், எப்படியும் விழுகிற பல். மூன்று நாளாக இதையே அரைத்துக்கொண்டிருக்கிறேன். உங்களை வெள்ளவத்தையில் வைத்துக்கொண்டு நான் இங்கே நேர்மை பேசலாமா? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

உங்கள்
இராசமலர்

*

வெள்ளவத்தை
3.5.1997

அன்பின் மலருக்கு,

கண்ணாடி மாற்றிவிட்டேன். இப்போது ஏழு ஏழாகவும் ஒன்று ஒன்றாகவும் தெரிவதால் இரண்டு பிள்ளைகள் என்னோடு கோபம்.

போய்ச் சொல்லும்.

ஒரு பாற்பல் என்று எழுதினீர். மலர், ஒரு பல் விழுந்ததால் ஒரு பல் அகப்பட்டது. விழாத பல் எத்தனையை நீர் பாராமல் எழுதினீர் என்று உமக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது, விக்னேஷுக்கும் தெரியாது. தெரியாத ஒன்றின் மேல் இரண்டு வருட ஆராய்ச்சியைக் கட்டப் போகிறார்கள். பிறகு ஒரு நாள் அந்த மருந்து நல்லது என்றோ கூடாது என்றோ சொல்லப் போகிறார்கள். அது லோஜனாவின் பல்லுக்கும் வரும்.

எனக்காக ஒளிக்க வேண்டாம். நான் இங்கே இன்னும் மூன்று மாதம் இருந்தால் என்ன நடந்துவிடும்? அன்னம் அக்காவின் சாம்பாரை இன்னும் மூன்று மாதம் குடிப்பேன். உம்மைப் பொய் எழுத வைத்துவிட்டு அங்கே வந்து நான் எந்த முகத்தோடு சோறு தின்பது?

தூங்கினீர். களைத்த மனிசி தூங்குவாள். அதைச் சொல்வதற்கு வெட்கப்பட வேண்டாம்.

அன்புடன்
நவரத்தினம்

*

மாசி
18.5.1997

அன்பின் அத்தானுக்கு,

நாங்கள் சுகம். குளிர் தொடங்கிவிட்டது. லோஜனா உங்களுக்கு ஒரு படம் கீறித் தந்திருக்கிறாள், அதில் உங்களுக்கு மீசை காதுவரை இருக்கிறது.

சொல்லிவிட்டேன். விக்னேஷின் மேசையில் இரண்டு தாளையும் வைத்து, "இந்தப் பல்லு நான் ரெண்டாந்தரம் போகேக்க இல்லை. நான் பாக்காமல் எழுதிப்போட்டன்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நூறு வந்தப்பவே நான் கேட்டிருக்கணும் மேடம். நூறு வராது. எனக்குத் தெரியும். ஆறு பேர்ல ரெண்டு பேர் போயாச்சு, நீங்களும் போனா இந்த ஆராய்ச்சி நின்னுடும். அதனால கேக்கல" என்றார். பிறகு அறிக்கை எழுதினார். அதில் என் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதினார். நான் வேண்டாமென்றேன். "நீங்க பாக்காம எழுதினீங்க. நான் பாத்தும் பாக்காத மாதிரி இருந்தேன். ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

வேலை போகவில்லை. பயிற்சி ஆகஸ்ட் வரை நீண்டிருக்கிறது. வேறு பள்ளிக்கூடம், வேறு முப்பது பிள்ளைகள், முதலிலிருந்து தொடங்க வேண்டும். நிரந்தரக் கடிதம் தந்தால் ஆகஸ்ட் கடைசியில்தான். விக்னேஷுக்கு வரவேண்டிய பதவி உயர்வும் நின்றுவிட்டது என்று மற்றவர்கள் சொல்கிறார்கள், அவர் வாய் திறக்கவில்லை. ஞாயிறு வேலையை விட்டுவிட்டேன்.

உங்களுக்கு மூன்று மாதம் கூட்டிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். வீசாப் படிவத்துக்கு உங்கள் படம் நான்கு வேண்டும், இப்போதே எடுத்து அனுப்பிவிடுங்கள்.

உங்கள்
இராசமலர்

*

வெள்ளவத்தை
30.6.1997

அன்பின் மலருக்கு,

சுகத்துக்குக் குறைவில்லை. நீர் செய்தது சரி.

பதில் சுணங்கியதற்கு மன்னிக்கவும், தபால் சரியில்லை. கொம்யூனிகேஷன் கடையில் லைனும் சரியில்லை, அதனால் போன் எடுக்கவில்லை. மழையால் படம் எடுக்கப் போக முடியவில்லை. லோஜனாவின் படம் கிடைத்தது. அதைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

கவனமாக இரும்.

அன்புடன்
நவரத்தினம்

*

மாசி
13.7.1997

அன்பின் அத்தானுக்கு,

ஏழெட்டுக் கிழமை காத்திருந்து வந்த கடிதத்தை ஒரு நிமிடத்தில் வாசித்து முடித்துவிட்டேன். எங்களுக்கு இங்கே சுகம், கேட்கவில்லையென்றாலும் சொல்கிறேன்.

உங்களுக்கு என்னோடு கோபமா? கடிதத்தில் இருமல் இல்லை, குதிக்கால் இல்லை, அன்னம் அக்காவின் சாம்பார் இல்லை. எத்தனை நாள் மிச்சம் என்ற கணக்கும் இல்லை. கலியாணம் செய்து பத்து வருடத்தில் நீங்கள் ஒரு நோவும் சொல்லாத கடிதம் இதுதான். யூன் கடைசி ஞாயிறு போனுக்குப் பக்கத்தில் நாங்கள் இரண்டு பேரும் குந்தியிருந்தோம். லோஜனா அப்படியே நித்திரையாகிவிட்டாள்.

புதுப் பள்ளிக்கூடத்தில் தொடங்கிவிட்டேன். என் ஞாபகத்துக்கு விக்னேஷ் ஒரு மருந்து கண்டுபிடித்திருக்கிறார். இரண்டாம் தரம் பார்க்கும்போது வாயின் மறுமுனையிலிருந்து தொடங்க வேண்டும். கீழே தொடங்கி மேலே போக வேண்டும். "வழக்கமான பக்கத்துலேருந்து போனா பாட்டு மாதிரி தானா வரும் மேடம். தலைகீழா போனா பாத்தே ஆகணும்" என்றார். உண்மைதான். ஒவ்வொரு பல்லும் புதிதாகத் தெரிகிறது. எண்பத்தெட்டு வந்திருக்கிறது. நூற்றுக்குப் பன்னிரண்டு பிழை, எல்லாம் என் சொந்தப் பிழை. இரண்டு பேரும் ஒரு தேநீர் குடித்துக் கொண்டாடினோம்.

படத்தை அனுப்புங்கள். மழை எவ்வளவு நாள்தான் பெய்யும்?

உங்கள்
இராசமலர்

*

வெள்ளவத்தை
1.8.1997

அன்பின் மலருக்கு,

சுகத்துக்குக் குறைவில்லை. நீர் செய்தது சரி.

எண்பத்தெட்டு நம்பக்கூடிய எண். சந்தோஷம். கோபம் ஒன்றும் இல்லை. லைன் இன்னும் திருத்தவில்லை. படம் நான்கும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

பிள்ளைக்கு என் முத்தம்.

அன்புடன்
நவரத்தினம்

*

மாசி
24.8.1997

அன்பின் அத்தானுக்கு,

நிரந்தரக் கடிதம் வெள்ளிக்கிழமை கையில் கிடைத்தது. திங்கட்கிழமை உங்கள் விண்ணப்பம் போகிறது. இந்தச் செய்தியை எழுத ஆறு மாதம் காத்திருந்தேன், இப்போது அதை இரண்டு வரியில் முடித்துவிட்டு வேறொன்று எழுத வேண்டியிருக்கிறது.

படம் வந்த அன்று நானும் லோஜனாவும் பார்த்தோம். அப்பா மெலிந்துவிட்டார் என்றாள். ஓமென்றேன். படிவத்தில் ஒட்டப் பசையும் பூசிவிட்டேன். அப்போதுதான் உங்கள் கடைசி இரண்டு கடிதமும் ஞாபகம் வந்தது. இரண்டிலும் முதல் வரி ஒன்று, எழுத்துக்கு எழுத்து. நூற்றுக்கு நூறு ஒத்துப்போகிறது. நூறு வந்தால் விசாரிக்க வேண்டும் என்று சொன்னது நீங்கள்தான்.

படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தேன். நேராகப் பிடித்தால் என் புருசன்தான் தெரிகிறார், பத்து வருடமாகத் தெரிந்த முகம். தலைகீழாகப் பிடித்ததும் ஒரு வாய் தெரிந்தது. பழைய பாஸ்போர்ட் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மேலுதடு உள்ளே விழுந்திருக்கிறது, வலது பக்கம் கூடுதலாக. மூக்கோரம் புதுக் கோடு. உதட்டில் ஒரு தழும்பு, அது முன்பு இல்லை. முன்பல் இல்லாதவர் போனில் கதைத்தால் ஒரு சொல்லில் நான் பிடித்துவிடுவேன் என்று உங்களுக்குத் தெரியும். லைன் பழுதாகவில்லை, அத்தான்.

எனக்குத் தெரிந்த முறையில் தாள் எழுதியிருக்கிறேன்.

மேல் வலது முன்பல்: இல்லை.
மேல் இடது முன்பல்: இல்லை.
வலதுக்கு அடுத்த பல்: தெரியவில்லை.
கீழ் இடது, நான் அடைத்த பல்: இருக்கிறது.
காரணம்:

காரணத்தை நான் எழுதவில்லை. அது நான் பார்த்ததில்லை. நீங்கள் நிரப்பி அனுப்புங்கள். படியில் வழுக்கி விழுந்தேன் என்று எழுத வேண்டாம். பதினொரு வருடம் படியில் விழுந்தவர்களையும் பார்த்தேன், மற்றவர்களையும் பார்த்தேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் வாய் திறந்ததால் கூடிய அந்த மூன்று மாதத்துக்குள்தான் இது நடந்ததா? மூன்று நாளாக நான் சாப்பிடவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், ஆனபடியால் ஒளிக்காமல் சொல்லுங்கள். இந்த நாட்டில் உங்களுக்கு ஒரு பல் கட்டித்தரக்கூட எனக்கு அனுமதி இல்லை. பார்க்க மட்டும்தான் விட்டிருக்கிறார்கள். அதையாவது ஒழுங்காகச் செய்கிறேன்.

உங்கள்
இராசமலர்

*

வெள்ளவத்தை
7.9.1997

அன்பின் மலருக்கு,

இருமல் திரும்பி வந்துவிட்டது. குதிக்கால் வெடிப்பு இருக்கிறது. சாம்பாரை அன்னம் அக்கா எனக்கு மட்டும் ஆறவைத்து, காய் இல்லாமல் வடித்துத் தருகிறார். சூடாக எதுவும் குடிக்க முடியவில்லை. இனி ஒன்றும் ஒளிக்கமாட்டேன்.

உம்முடைய தாளை நிரப்புகிறேன்.

காரணம்: மே 29, வியாழன் காலை, லொட்ஜில் சுற்றிவளைப்பு. என்னையும் இன்னும் மூன்று பேரையும் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். அட்டை இருந்தது, பதிவுத் துண்டு இருந்தது, இரண்டையும் காட்டினேன். யாழ்ப்பாணத்தில் என்ன செய்தாய் என்று விசாரித்தவன் கேட்டான். கணக்குப் படிப்பித்தேன் என்றேன். பொய் என்றான். மறுபடியும் கேட்டான், மறுபடியும் அதையே சொன்னேன். மூன்றாம் தரம் கேட்கவில்லை, அடித்தான். ஐந்தாம் நாள் விட்டார்கள். இவ்வளவுதான். வேறு ஒரு காயமும் இல்லை, இது பார்த்து எழுதியது.

லொட்ஜுக்குத் திரும்பி வந்தபோது அன்னம் அக்காவின் மேசையில் உம்முடைய கடிதம் கிடந்தது. "சொல்லிவிட்டேன்" என்று எழுதிய கடிதம். வாயில் துணியை அமத்திப் பிடித்துக்கொண்டு வாசித்தேன். மூன்று மாதம் கூட்டிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தீர். அதற்குப் பிறகு இதை நான் எப்படி எழுதுவது? போய்ச் சொல்லும் என்றவன் நான். மே 3ஆம் திகதியையும் மே 29ஆம் திகதியையும் நீர் பக்கத்தில் வைத்துப் பார்ப்பீர் என்று பயந்தேன். இனிமேல் உண்மை சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் உமக்கு என் வாய் ஞாபகம் வரும் என்று பயந்தேன். அதனால்தான் நீர் செய்தது சரி என்று இரண்டு தரம் எழுதினேன். அது மட்டும் மனப்பாடமாக எழுதியதில்லை.

கணக்கும் கேளும். நீர் சொல்லாமல் விட்டு மே மாதமே கடிதம் கிடைத்திருந்தாலும் வீசாவுக்கு நான்கு மாதம். மே 29 அன்று நான் இந்த லொட்ஜில்தான் இருந்திருப்பேன். நூறு தரம் போட்டுப் பார்த்த கணக்கு. பிழை கண்டுபிடித்தால் எழுதும், கண்டுபிடிக்கமாட்டீர். இப்போது போய்ச் சாப்பிடும்.

கடைசி ஞாயிறு போன் எடுக்கிறேன். காற்றுப் போகிற குரலில் கதைப்பேன், லோஜனா சிரித்தால் சிரிக்கட்டும்.

உம்முடைய தாளைத் திருத்திவிட்டேன். மேல் வரிசை இரண்டும் சரி. மூன்றாவது பாதி உடைந்து நிற்கிறது, தெரியவில்லை என்று எழுதியது சரி. கீழ் வரிசையில் ஒரு பிழை. நீர் அடைத்த பல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர். வாயை மூடிக்கொண்டிருக்கும் படத்தில் அதை நீர் எப்படிப் பார்த்தீர்? அதுவும் அன்றைக்கே போய்விட்டது, மலர்.

வந்ததும் வாயைத் திறக்கிறேன். பார்த்து எழுதும்.

அன்புடன்
நவரத்தினம்